மேலே என்றால் மேலே

ஏற்காட்டில் வயதான யாராவது வாய்விட்டுச் சிரித்தால், அந்தச் சிரிப்பில் பாதி பிரிஸ்கில்லா செய்ததாக இருக்கும். ஊர் நடுவில் ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் உட்கார்ந்து செட்டுப் பல் செய்வது அவள் வேலை. பன்னிரண்டு வருஷமாகச் செய்கிறாள். மெழுகை உருக்கி, அச்சு எடுத்து, ஈறு நிறத்தில் அக்ரிலிக் ஊற்றி, ஒவ்வொரு பல்லாகப் பதித்து, ராவித் தேய்த்து முடித்தால் அசல் பல் தோற்றுவிடும். எஸ்டேட்டில் மிளகு பறிக்கிறவரிலிருந்து சாமியார் வரை அவள் கை பட்ட பல்லால்தான் முறுக்குக் கடிக்கிறார்கள்.

அதே கை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பூதம் செய்யப் போய்விடும்.

ஆட்டத்தின் பெயர் இரும்புப் பூதம். கோயம்புத்தூரில் நாலைந்து பேர் சேர்ந்து விதிகள் எழுதிய மேசை ஆட்டம். மேசை மேல் மலை, ஏரி, கட்டடம் எல்லாம் சின்னதாகச் செய்து வைத்து, உள்ளங்கை உயர ராட்சத ரோபோக்களை நிறுத்திச் சண்டை போட வேண்டும். ரோபோவைப் பூதம் என்பார்கள். பூதத்தைக் கடையில் வாங்கலாம், கையாலும் செய்யலாம். எந்தக் கை, எந்தக் கால், தோளில் பீரங்கியா கேடயமா என்பதெல்லாம் அவரவர் இஷ்டம். ஒவ்வொரு சுற்றிலும் ஆடுகிறவர்கள் தங்கள் பூதம் எந்தப் பக்கம் எத்தனை இஞ்ச் நகர வேண்டும் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைப்பார்கள். பிறகு எல்லாரும் ஒன்றாகத் திறக்க வேண்டும். எழுதியது எழுதியதுதான். திறந்த பிறகு மாற்றிக்கொள்ள முடியாது.

பிரிஸ்கில்லாவின் பூதத்துக்கு மேஸ்திரி என்று பெயர். உடம்பு முழுக்க ஈறு நிறம். வேறு நிறம் பூசலாமே என்று கேட்டவர்களிடம், "அது ரோஸ் கலர் இல்லீங்க, சதைக் கலர்" என்று அவள் பதில் சொல்லிவிட்டாள். நெஞ்சுக் கவசத்தில் அளவு சரியில்லாமல் ஒதுக்கிய பல் பதினாலு, இரண்டு வரிசையாகப் பதித்திருந்தது. முழங்கால் மடங்கியது. விரல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் திரும்பியது. தோளில் இருந்த பீரங்கியைக் கழற்றிவிட்டுக் கோடரியை மாட்ட ஒரு நொடி போதும். கடையில் பெட்டியோடு வாங்கிய எந்தப் பூதத்துக்கும் அப்படி ஒரு முழங்கால் கிடையாது. அதை அவள் எல்லாரிடமும் சொல்லவும் சொல்வாள். அடக்கம் என்பது பிரிஸ்கில்லாவுக்குப் பழக்கமில்லாத சமாச்சாரம்.

ஒரே ஒரு குறைதான் அவளுக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது. மூன்று வருஷமாக ஏற்காட்டில் பதினொரு பேர் ஆடுகிறார்கள். லூர்துசெல்வியின் பேக்கரிக்கு மேலே இருக்கும் அறையில் வாராவாரம் ஆட்டம் நடக்கிறது. ஆனால் மாநிலப் போட்டிப் பட்டியலில் ஏற்காடு என்ற பேர் கிடையாது. 'சேலம் பி' என்றுதான் போட்டிருந்தார்கள். கோவைக்குப் போனால் கழுத்தில் மாட்டும் அட்டையிலும் அதுதான். முதல் வருஷம் அந்த அட்டையைப் பார்த்துவிட்டுப் பிரிஸ்கில்லா கேட்டாள்: "பி-ன்னா என்னுங்க? மிச்சமா?"

இந்த வருஷம் ஒரு வழி பிறந்தது. சேலம் அணியோடு ஓர் ஆட்டம் ஆடி ஜெயித்துவிட்டால் ஏற்காட்டைத் தனி அணியாகப் பதிந்துகொள்வதாகக் கோவைக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். தோற்றால் பழையபடி சேலம் பி. ஆட்டம் ஏற்காட்டிலேயே நடக்கும். நடுவராகக் கோவையிலிருந்து ஜெயபிரகாஷ் வருவார்.

ஏற்காட்டுக்காக ஆட பிரிஸ்கில்லாவைத்தான் எல்லாரும் கைகாட்டினார்கள். மேசைக்கு மலையும் ஏரியும் கருப்பண்ணன் செய்தார். எஸ்டேட்டில் லாரி ஓட்டுகிறவர், ஐம்பது தாண்டியவர். தெர்மகோலை அறுத்து அடுக்கி, அதன் மேல் காய வைத்த காப்பிச் சக்கையைப் பசை போட்டு ஒட்டி, அவர் செய்த மலையைப் பார்த்தால் கையால் தொட்டு மண்ணா என்று பார்க்கத் தோன்றும். கிட்டப் போனால் காப்பி வாசனை வேறு.

ஞாயிறு காலை பதினொரு மணிக்குச் சேலத்திலிருந்து யுவராஜ் இரண்டு கூட்டாளிகளோடு வந்து சேர்ந்தான். முப்பது வயதிருக்கும். நல்ல ஆட்டக்காரன், கெட்டவனும் இல்லை. ஆனால் மேஸ்திரியைப் பார்த்ததும் அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அக்கா, இது சண்டை போடுமா, கடிக்குமா?"

"ரெண்டும் பண்ணும் சாமி. உங்களுது பொட்டியில இருந்து வந்ததுங்களா? ஊட்டுல வச்சிருக்க நல்லா இருக்கும்" என்றாள் பிரிஸ்கில்லா.

ஆட்டம் ஆறு சுற்று. ஆறாவது சுற்றின் முடிவில் மலை உச்சியில் யாருடைய பூதம் நிற்கிறதோ அவருக்கு வெற்றி. உச்சி காலியாக இருந்தால், உச்சிக்கு யார் பக்கத்தில் நிற்கிறாரோ அவருக்கு. ஆழமான தண்ணீரில் இறங்கும் பூதம் முழுகிப்போகும்.

ஐந்து சுற்றுக்குள் அறை சூடாகிவிட்டது. ஆளுக்கு நாலு பூதமாகத் தொடங்கியதில், பிரிஸ்கில்லாவுக்கு மேஸ்திரி மட்டும் மிச்சம். யுவராஜுக்கும் ஒன்றுதான் மிச்சம், அதுவும் கால் உடைந்தது. அது மலையின் தெற்குச் சரிவில், உச்சிக்கு நாலு இஞ்ச் தள்ளி நின்றது. உடைந்த காலோடு மூன்று இஞ்சுக்கு மேல் நகர முடியாது. மேஸ்திரி வடக்கு அடிவாரத்தில், முதுகுக்குப் பின்னால் ஏரியை வைத்துக்கொண்டு நின்றது. அங்கிருந்து உச்சி சரியாக ஆறு இஞ்ச். மேஸ்திரியின் முழங்காலுக்கு ஆறு இஞ்ச் ஏறுவது ஒரு பொருட்டே இல்லை. சுற்றி நின்ற ஏற்காட்டுக்காரர்களுக்கு எண்ணத் தெரியும். கருப்பண்ணன் மீசையைத் தடவ ஆரம்பித்துவிட்டார்.

பிரிஸ்கில்லா சீட்டு எழுதிக் கவிழ்த்தாள். யுவராஜும் எழுதினான். ஜெயபிரகாஷ் இரண்டையும் திறந்து சத்தமாகப் படித்தார்.

"யுவராஜ், உச்சியை நோக்கி மூணு. பிரிஸ்கில்லா, மேலே ஆறு."

பின்னால் கைதட்டல் கிளம்பியது. பிரிஸ்கில்லா மேஸ்திரியை எடுக்கக் கை நீட்டினாள். அதற்குள் யுவராஜ் விரலைத் தூக்கிவிட்டான்.

"சார், ஒரு நிமிஷம். மேலேன்னா வடக்குங்க. அவங்க பூதம் ஏரிக்குள்ள போகணும்."

கைதட்டல் பாதியில் நின்றுபோனது.

"என்ன கண்ணு சொல்ற?" என்றாள் பிரிஸ்கில்லா. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

யுவராஜ் சுவரைக் காட்டினான். அங்கே மேசையின் வரைபடம் ஒட்டியிருந்தது. அதில் வடக்கு மேல் பக்கம், தெற்கு கீழ்ப் பக்கம். "எங்க கிளப்புல எப்பவும் அப்படித்தாங்க எழுதுவோம். மேல்னா மேப்புல மேல் பக்கம். கீழ்னா கீழ்ப் பக்கம். நான் வேணும்னு சொல்லலீங்க. நீங்க எழுதினதைப் பாத்ததும் எனக்கு ஏரிதான் தோணுச்சு."

அவன் சொன்னது பொய்யில்லை. அதுதான் சங்கடம். தட்டையான ஊரில் ஆடுகிறவர்களுக்கு மேல் என்பது காகிதத்தில் இருக்கிறது. ஏற்காட்டில் பிறந்தவர்களுக்கு அது காலில் இருக்கிறது. மேலே கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பார்கள், கீழே சர்ச்சில் கல்யாணம் என்பார்கள். எந்த மேடு, எந்தப் பள்ளம் என்று ஒருவரும் கேட்டதில்லை. மூன்று வருஷமாக இந்த அறையில் நூறு சீட்டிலாவது மேலே என்றும் கீழே என்றும் எழுதியிருப்பார்கள். ஒருமுறைகூட ஒரு பூதமும் தண்ணீரில் இறங்கியதில்லை. இன்னொரு அர்த்தம் இருக்கலாம் என்ற நினைப்பே பதினொரு பேரில் ஒருவருக்கும் வந்ததில்லை. முந்தின ஐந்து சுற்றிலும் 'ஏரியோரம் நாலு', 'மலையைச் சுற்றி ஐந்து' என்று எழுதிவந்த பிரிஸ்கில்லா, ஜெயிக்கிற சுற்றில் சந்தோஷத்தில் வாய்ப் பேச்சையே எழுதிவிட்டாள்.

கருப்பண்ணன் முன்னால் வந்தார். "ஏனுங் தம்பி, காலையில பஸ்ஸ விட்டு எறங்கி எனக்குப் போன் பண்ணி என்ன சொன்னீங்க? 'மேல வந்துட்டோமுங்க'ன்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேனுங்க. ஏற்காடு சேலத்துக்கு வடக்குதானுங்களே" என்றான் யுவராஜ்.

சேலத்துக்காரர்கள் சிரித்தார்கள். பிரிஸ்கில்லா விடவில்லை.

"பொம்மிடி எங்களுக்கு வடக்கே, மலையடிவாரத்துல இருக்குது. பொம்மிடிக்காரங்க இங்க வரப்போ 'கீழ ஏற்காட்டுக்குப் போறோம்'ன்னா கெளம்பறாங்க? நீங்க கேட்டிருக்கீங்களா?"

இப்போது ஏற்காட்டுக்காரர்கள் சிரித்தார்கள். ஜெயபிரகாஷ் மட்டும் சிரிக்காமல் விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். நேர்மையான மனிதர். வடக்கு தெற்கு என்று எழுதினால் வரைபடப்படி என்று இருக்கிறது, மேலே என்று எழுதினால் என்ன என்று எங்கேயும் இல்லை.

"அம்மா, உங்க பேச்சுல நியாயம் இருக்கு. அவர் பேச்சுலயும் இருக்கு. ரெண்டு அர்த்தம் வந்தா என்ன செய்யணும்னு விதி இருக்குதுங்க" என்று சொல்லி, ஒரு பகடையை எடுத்து மேசை மேல் வைத்தார். "உருட்டுங்க. நாலு, அஞ்சு, ஆறு விழுந்தா மலை. ஒண்ணு, ரெண்டு, மூணு விழுந்தா ஏரி. உருட்ட இஷ்டமில்லைன்னா, வரைபடம்தான் கணக்கு."

பாதிக்குப் பாதி. பின்னாலிருந்து ஆளாளுக்கு, "உருட்டுங்கக்கா, உருட்டுங்க" என்றார்கள். பிரிஸ்கில்லா பகடையை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். நாலு விழுந்தால் ஏற்காடு என்று அட்டை வரும். அந்த அட்டைக்காக அவள் மூன்று வருஷம் ஏங்கியிருக்கிறாள். ரெண்டு விழுந்தால்?

ரெண்டு விழுந்தால் மேலே என்பது ஏரி என்று ஆகிவிடும். அவள் அப்பாவும் அம்மாவும் அவளும் பிறந்ததிலிருந்து சொல்லிவரும் ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று இந்தச் சுண்டுவிரல் நகமளவு கட்டை சொல்லப்போகிறது. நாலே விழுந்தாலும் என்ன? அதிர்ஷ்டத்தில் கிடைத்த அர்த்தமாகத்தானே இருக்கும். அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. யுவராஜ் மேல் இல்லை, ஜெயபிரகாஷ் மேலும் இல்லை. அந்தப் பகடை மேல்தான்.

அவள் அதை அலுங்காமல் மேசை மேல் திருப்பி வைத்தாள்.

"நான் உருட்டலீங்க."

"அம்மிணி!" என்று கருப்பண்ணன் கத்தியேவிட்டார்.

"இருங்கண்ணா. குறி தப்புச்சான்னா டைஸ் போடலாம். கால் ஒடஞ்சுதான்னா போடலாம். எங்க ஊர்ப் பேச்சுக்கு என்ன அர்த்தம்னு டைஸ் போட்டா பாக்கறது? மேலேன்னா மேலேதானுங்க. விழுந்தாலும் அதுதான், விழுகாட்டியும் அதுதான்."

"உருட்டலைன்னா நீங்க தோத்துருவீங்கம்மா" என்றார் ஜெயபிரகாஷ்.

"தெரியுமுங்க. தோத்துக்கறேன். ஆனா ஒண்ணு. நான் என்ன எழுதினேன், நீங்க எப்படிப் படிச்சீங்க, பொம்மிடி சமாச்சாரம், எல்லாத்தையும் ரிப்போர்ட்ல எழுதோணும். ஏன் உருட்டலைங்கறதையும் எழுதோணும். எழுதிக் கோயமுத்தூருக்கு அனுப்போணும். விதி எழுதினவங்க படிக்கட்டும்."

ஜெயபிரகாஷ் பேனாவைத் திறந்தார். அவர் எழுதி முடிக்கும்வரை பிரிஸ்கில்லா பக்கத்திலேயே நின்று ஒரு வரி விடாமல் படித்தாள். 'பொம்மிடி' என்பதில் ஒரு எழுத்து தப்பாக இருந்தது, அதையும் திருத்த வைத்தாள்.

அப்புறம் அவளே மேஸ்திரியை எடுத்தாள். வேறு யாரையும் தொட விடவில்லை. மலைக்கு முதுகைக் காட்டித் திருப்பி, இஞ்ச் இஞ்சாக ஆறு அளந்து, ஏரியின் நடுவில் கொண்டுபோய் வைத்தாள். அழுகை வந்தது உண்மை. ஆனால் தலை குனியவில்லை, அதுவும் உண்மை.

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து லூர்துசெல்வி டீயும் தேங்காய் பன்னும் எடுத்துக்கொண்டு படியேறி வந்தாள். ஆட்டத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. வாடகைக்கு விட்ட அறையில் என்னவோ பொம்மை வைத்து விளையாடுகிறார்கள் என்ற அளவுதான். தட்டை வைத்துவிட்டு மேசையைப் பார்த்தாள்.

"ஐயோ, நம்ம பல்லுப் பொம்மை ஏனுங்க தண்ணிக்குள்ள நிக்குது?"

"மேல போகச் சொல்லி எழுதினாங்களாம்" என்றார் கருப்பண்ணன் எரிச்சலாக.

லூர்துசெல்வி மலையைப் பார்த்தாள், ஏரியைப் பார்த்தாள், வந்திருந்த சேலத்துக்காரர்களை ஒரு பார்வை பார்த்தாள். "மேல போகச் சொன்னா ஏரிக்குள்ளயா போவாங்க? நொம்பப் படிச்சவங்களா?"

ஜெயபிரகாஷ் குடித்த டீ மூக்கில் ஏறிவிட்டது. துடைத்துக்கொண்டு, அறிக்கையில் அதையும் ஒரு வரி சேர்த்தார்.

இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். பிரிஸ்கில்லா போட்டுவிட்டாள். யுவராஜ் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படித்தான். பிறகு தன் கையெழுத்துக்கு மேலே ஏதோ எழுதிவிட்டு நிமிர்ந்தான். "நானா இருந்தா உருட்டியிருப்பேனுங்கக்கா" என்றான். காலையில் இருந்த கேலி அவன் குரலில் இல்லை. அவன் எழுதியிருந்தது இதுதான்: 'ஆட்டத்தில் நான் ஜெயித்தேன். வார்த்தையில் அவர் சொல்வதே சரி.'

நல்ல பையன்தான். இருந்தாலும் வெற்றியைத் திருப்பிக் கொடுக்கவில்லை, பிரிஸ்கில்லாவும் கேட்கவில்லை.

ஊருக்குள் இரண்டு வாரம் திட்டு விழுந்தது. "பாதிக்குப் பாதி சான்ஸு இருந்துதே அம்மிணி" என்று கருப்பண்ணன் லாரியை நிறுத்தி நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனார். பிரிஸ்கில்லா கையிலிருந்த செட்டுப் பல்லைத் தேய்த்துக்கொண்டே, "இருந்துதுங்கண்ணா" என்று மட்டும் சொல்வாள். வருத்தம் இல்லாமலில்லை. ஆனால் மறுபடியும் அந்தப் பகடையைக் கையில் கொடுத்தால் மறுபடியும் திருப்பித்தான் வைப்பாள். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தன்னைப் பற்றி அப்படி நிச்சயமாகத் தெரிந்துகொள்வது நன்றாகவே இருந்தது.

நாலு மாசம் கழித்துக் கோவையில் மாநிலப் போட்டி. பிரிஸ்கில்லாவும் கருப்பண்ணனும் போனார்கள். பெரிய மண்டபம், முப்பது மேசை. கழுத்தில் மாட்டிய அட்டையில் 'சேலம் பி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பிரிஸ்கில்லா அதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளவில்லை. தோற்றது தோற்றதுதான், மறைக்க என்ன இருக்கிறது என்று நேராகவே மாட்டிக்கொண்டாள்.

தங்கள் ஆட்டத்துக்கு இன்னும் நேரம் இருந்ததால் இருவரும் மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒன்பதாவது மேசையில் தூத்துக்குடிக்காரர் ஒருவரும் நாகப்பட்டினத்துப் பெண் ஒருத்தியும் ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருமே கடலோரத்துக்காரர்கள், மலையில் ஒருநாள் தங்கியிருப்பார்களோ என்னவோ. சீட்டுகளைத் திறந்தார்கள். தூத்துக்குடிக்காரரின் சீட்டைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் நடுவரைக் கூப்பிட்டாள்.

"சார், 'மேலே நாலு'ன்னு எழுதியிருக்காரு. எந்தப் பக்கம்?"

அந்த நடுவர் இளைஞர், பிரிஸ்கில்லா பார்த்திராத முகம். யோசிக்கவே இல்லை. கையைத் தூக்கி மண்டபத்துக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"ஏற்காடு!"

தூத்துக்குடிக்காரர் தன் பூதத்தை எடுத்து, மேட்டில் நாலு இஞ்ச் ஏற்றி நிறுத்தினார். அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தாள். அவ்வளவுதான். பகடையும் இல்லை, சண்டையும் இல்லை.

கருப்பண்ணன் பிரிஸ்கில்லாவின் கையைக் கெட்டியாகப் பிடித்தார். பக்கத்து நாற்காலியில் இந்த வருஷத்து விதிப் புத்தகம் கிடந்தது. அவள் எடுத்துப் புரட்டினாள். பதினேழாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது: 'ஏற்காடு விதி. சீட்டில் மேலே என்று எழுதினால் மேட்டை நோக்கி. கீழே என்று எழுதினால் பள்ளத்தை நோக்கி. இதற்குப் பகடை உருட்டக் கூடாது.'

அவள் அதை மூன்று முறை படித்தாள். கடைசி வரியை நாலு முறை படித்தாள். அணிப் பட்டியலில் ஒரு வரியாவது கிடைக்காதா என்று ஏங்கிய பேர், ஆடுகிற அத்தனை பேர் வாயிலும் ஏறி உட்கார்ந்திருந்தது. கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

நாகப்பட்டினத்துப் பெண் நிமிர்ந்து நடுவரிடம் கேட்டாள். "சார், அது ஏன் ஏற்காடுன்னு பேரு? ஏதாவது அர்த்தம் இருக்கா?"

நடுவர் தோளைக் குலுக்கினார். "தெரியலம்மா. விதிக்கு அப்படித்தான் பேரு."

"அது ஊர்ப் பேருங்க" என்றாள் பிரிஸ்கில்லா.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் பார்வை அவள் கழுத்தில் தொங்கிய அட்டைக்குப் போய், அதைப் படித்துவிட்டு, மறுபடி அவள் முகத்துக்கு வந்தது. அவள் நிமிர்ந்து நின்றாள்.

"எங்க ஊருங்க. மேல இருக்குது."